போர்முனையில் ஒரு வெற்றி, ஊரில் ஒரு வெற்றி

நாட்டுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஓர் அறிவுரை சொல்லப்படுகிறது: "உரிமைப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். முதலில் நாடு, மற்றதெல்லாம் பிறகு." இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கறுப்பின மக்களும் இதைக் கேட்டார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்பது நாம் அறிய வேண்டிய வரலாறு.

1941 டிசம்பர் 7-ல் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியதும் அமெரிக்கா போரில் இறங்கியது. ஹிட்லரின் இனவெறியை எதிர்த்த அந்த நாட்டின் படையிலேயே இன ஒதுக்கல் நடைமுறையில் இருந்தது. கறுப்பினத்தவருக்குத் தனிப் பிரிவு, தனித் தங்குமிடம். கடற்படையில் பெரும்பாலும் சமைப்பதும் பரிமாறுவதும்தான் அவர்களுக்கு வேலை.

பரிமாறும் வேலையில் இருந்தவர்தான் டோரி மில்லர். பேர்ல் துறைமுகத் தாக்குதலில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றார். பயிற்சியே தரப்படாத விமான எதிர்ப்புத் துப்பாக்கியை இயக்கினார். 1942-ல் கடற்படைச் சிலுவை விருது கிடைத்தது. ஆனால், 1943-ல் கப்பல் மூழ்கி இறந்தபோதும் அவர் சமையல் பணியில்தான் இருந்தார்.

ரத்தத்திலும் தீட்டுப் பார்த்தார்கள். செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பினத்தவரின் ரத்தத்தை ஏற்க மறுத்தது. பிறகு ஏற்றுக்கொண்டாலும் தனியாகப் பிரித்து வைத்தது. ரத்தப் பிளாஸ்மாவைச் சேமிக்கும் முறையை வளர்த்தெடுத்த முன்னோடியான மருத்துவர் சார்லஸ் ட்ரூ கறுப்பினத்தவர் என்பதை நாம் மறக்கக்கூடாது.

இந்த நிலையில், கான்சாஸ் மாநிலத்தில் விமானத் தொழிற்சாலை உணவகத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் தாம்ப்சன் என்ற 26 வயது இளைஞர், 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பாதிக் குடிமகனாக வாழ்வதற்காக உயிரைக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். வெளிநாட்டு எதிரியை வெல்வதோடு உள்நாட்டு அநீதியையும் வெல்ல வேண்டும் என்றார். 1942 ஜனவரி 31-ல் வெளியான அந்தக் கடிதத்திலிருந்து 'இரட்டை வெற்றி' இயக்கம் பிறந்தது.

பத்து லட்சத்துக்கும் அதிகமான கறுப்பினத்தவர் அந்தப் போரில் பணியாற்றினர். அதற்குக் கிடைத்த கைம்மாறு என்ன?

1944 ஜூலை 17-ல் கலிபோர்னியாவின் போர்ட் சிகாகோ துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய வெடிபொருள் வெடித்தது. இறந்த 320 பேரில் 202 பேர் கறுப்பினத்தவர். போதிய பயிற்சியில்லாமல் அதே வேலையை மீண்டும் செய்ய மறுத்தவர்களில் 50 பேர், கலகம் செய்ததாகத் தண்டிக்கப்பட்டனர். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று கடற்படை அறிவிக்க 2024 வரை, அதாவது 80 ஆண்டுகள் ஆயின.

1946 பிப்ரவரியில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, சீருடையோடு வீடு திரும்பிய ஐசக் வுடார்டை தென் கரோலினாவில் காவல் அதிகாரி அடித்ததில் இரண்டு கண்களும் பறிபோயின. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அந்த அதிகாரியை விடுதலை செய்தது.

ஆனாலும் கோரிக்கை ஓயவில்லை. 1941-லேயே, பேரணி நடத்துவோம் என்று தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் எச்சரித்த பிறகுதான் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணை வந்தது. படையில் சம உரிமைக்கான ஆணையை அதிபர் ட்ரூமன் 1948-ல் பிறப்பித்ததற்குப் பின்னாலும் அவரது போராட்டம் இருந்தது.

இந்தப் போராட்டத்தை அம்பேத்கர் கவனித்துவந்தார். 1946-ல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அம்மக்கள் ஐ.நா. சபைக்கு அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார். இந்தியாவின் தீண்டப்படாத மக்களும் அப்படி மனுச் செய்ய எண்ணுவதாகத் தெரிவித்தார்.

நாட்டுக்காக நிற்பதும் நாட்டிடம் நீதி கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. 'பிறகு பார்க்கலாம்' என்று காத்திருந்தவர்களுக்கு அந்தப் 'பிறகு' தானாக வந்ததில்லை. உணவக ஊழியர் ஒருவரின் கடிதம் ஓர் இயக்கமானது என்பதை நம் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.