கணக்கில் வராத ஈரம்

கனடாவில் குளிர்கால வானிலை அறிவிப்பில் இரண்டு எண்கள் வரும். ஒன்று வெப்பமானி காட்டுவது. மற்றொன்று 'விண்ட் சில்', அதாவது காற்றையும் சேர்த்தால் உடம்புக்கு எவ்வளவு குளிரும் என்ற கணக்கு. வெப்பமானியில் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ், காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் இந்த இரண்டாவது எண் மைனஸ் 20. குல்லா போடுவதா, மப்ளரும் சுற்றிக்கொள்வதா என்று முடிவுசெய்ய இது போதும். ஆனால் வெளியில் நின்று லாரி கழுவுகிறவருக்கும், கட்டடத்தின் கண்ணாடி துடைக்கிறவருக்கும் இதனால் பெரிய உதவி இல்லை. இது உலர்ந்த தோலுக்குப் போட்ட கணக்கு.

இதைத் தொடங்கிவைத்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அன்டார்க்டிகாவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். முடிவுகள் 1945இல் வெளியாயின. ஆனால் அந்தக் கணக்கு குளிரை மிகைப்படுத்தியே காட்டிவந்தது. 2001இல் அமெரிக்காவும் கனடாவும் புதிய சூத்திரத்துக்கு மாறின. அதற்காக டொராண்டோவில் குளிர்காற்று வீசும் கூடத்தில் 12 பேரை நடக்கவிட்டு, அவர்கள் முகம் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று பார்த்தார்கள். நடக்கிற மனிதரின் முகத்துக்கும், நின்ற இடத்தில் ஈரத்துணி பிழிகிறவரின் கைக்கும் வெகுதூரம்.

தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கையுறையின் இழைகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்றுதான் கையைக் காப்பது. அங்கே தண்ணீர் புகுந்துவிட்டால் கையுறை இருந்தும் இல்லாததுபோலத்தான். அதன்மேல் காற்று வீசினால் ஈரம் ஆவியாகும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதில் ஒரு பங்கைத் தோல்தான் கொடுக்கிறது. அதனால்தான் நனைந்துகொண்டே வேலைசெய்யும் பிளஸ் 3 டிகிரி, உலர்ந்த மைனஸ் 10ஐவிட மோசமாக இருக்கக்கூடும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் நின்ற சிப்பாய்களின் பாதங்கள் கெட்டதும் பனி உறைந்ததால் அல்ல. உறைநிலைக்கு மேலேயே, சேற்றுநீரில் ஊறிய பூட்ஸுக்குள் மணிக்கணக்கில் நின்றதால்.

குளிர் ஏறினால் உடம்பு முதலில் இதயத்தையும் மூளையையும்தான் காக்கப் பார்க்கும். விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். விரலின் வெப்பம் 15 டிகிரிக்கு இறங்கும்போதே பிடிமானம் தடுமாறும். 8 டிகிரி வாக்கில் தொடு உணர்வே போய்விடும். குளிர்ந்த நீரில் வைத்த விரல் சில நிமிடங்கள் கழித்துத் தானாகக் கொஞ்சம் சூடேறி, மறுபடி குளிர்வதும் உண்டு. 1930இல் தாமஸ் லூயிஸ் இதை விவரித்தார். 'கை பழகிவிட்டது' என்று தொழிலாளர்கள் சொல்வதில் இதற்கும் பங்கிருக்கலாம். ஆனால் உடம்பு முழுதும் குளிர்ந்துபோனால் இந்த ஏற்பாடு அடங்கிவிடும்.

மரத்த கையில், அழுத்தத்தோடு நீரைப் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் இருப்பது இன்னும் ஆபத்து. அதன் நீர்த்தாரை தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. வெளியே தெரிவது ஒரு பொட்டுக் காயம்தான். உள்ளே தசைக்கு நடுவே தண்ணீரும் அழுக்கும் பரவியிருக்கும். உடனே அறுவைசிகிச்சை தேவைப்படக்கூடிய காயம் அது. வலி தெரியாத விரலுக்கு அந்த அவசரம் எப்படித் தெரியும்?

குளிருக்கு அஞ்சி வேலையை உள்ளே கொண்டுபோவதிலும் எமன் இருக்கிறான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1996இல் வெளியிட்ட எச்சரிக்கையில் ஒரு சம்பவம் வருகிறது. பெட்ரோல் பிரஷர் வாஷரால் தன் கொட்டகையைக் கழுவிய பண்ணையாளர் ஒருவர், சுமார் அரைமணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு தாக்கிச் சுருண்டு விழுந்து இறந்துபோனார். கதவைத் திறந்துவைத்தால் போதும் என்பது இந்த வாயு விஷயத்தில் எடுபடாது. இயந்திரம் வெளியே நிற்க வேண்டும். குழாய் மட்டும் உள்ளே வரலாம்.

கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணம் வகுத்த ஓர் அட்டவணை உண்டு. நான்கு மணிநேர வேலையில் எத்தனை முறை குளிர்காய விட வேண்டும் என்று சொல்வது. காற்றில்லாத நாளில் அது மைனஸ் 26இல்தான் தொடங்குகிறது, அதுவும் உலர்ந்த உடையோடு இருப்பவர்களுக்கு. அதை ஏற்றுக்கொண்ட ஏசிஜிஐஎச் என்ற அமெரிக்கத் தொழில்சுகாதார அமைப்பு ஈரத்துக்கு வேறு கோடு கிழிக்கிறது: 2 டிகிரியிலோ அதற்குக் கீழோ உடை நனைந்தவருக்கு உடனே மாற்றுடை தந்து, உடல்வெப்பம் இறங்கியவராகவே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறுங்கையால் நுணுக்கமான வேலை 10, 20 நிமிடத்துக்கு மேல் நீண்டால், 16 டிகிரிக்குக் கீழேயே கையைச் சூடாக்க வழி செய்ய வேண்டும். 16 டிகிரிக்குக் கனடா வரை போக வேண்டியதில்லை. உதகையில் அதைவிடக் குளிர்ந்த விடியல் எல்லா மாதமும் உண்டு.

இரண்டு மூன்று ஜோடி உலர்ந்த கையுறை, வண்டியில் மாற்றுடுப்பு, ஒரு ஹீட்டர். இவற்றின் விலை பெரிதல்ல. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கிற ஒப்பந்தத்தில், கைகாயும் பத்து நிமிடத்துக்குக் கூலி யார் தருவது என்பதில்தான் இழுபறி.