சூட்டில் முறியும் நஞ்சு

வியட்நாம் போரில் 1961 முதல் 1971 வரை அமெரிக்கா தெளித்த களைக்கொல்லிகளில் பெயர்போனது ஏஜென்ட் ஆரஞ்சு. அதைத் தயாரிக்கும்போது வேண்டாத கழிவாக உள்ளே சேர்ந்துவிட்டது டையாக்சின் என்னும் நஞ்சு. காட்டில் விழுந்ததில் பெரும்பகுதியை வெயில் சிதைத்துவிட்டது. மழை அடித்துச் சென்றுவிட்டது. நஞ்சு செறிந்து தங்கியது, பீப்பாய்களை அடுக்கி, விமானங்களில் ஏற்றி, கழுவியும் விட்ட தா நாங், பியென் ஹோவா போன்ற விமானத் தளங்களில்தான்.

டையாக்சின் தண்ணீரில் கரைவதில்லை. மண்ணிலுள்ள மக்கிய பொருளை இறுகப் பற்றிக்கொள்ளும். எனவே நிலத்தடி நீரைவிடக் குளத்துக்குத்தான் ஆபத்து அதிகம். மழையில் அரிபடும் மண்ணோடு போய் அடிச்சேற்றில் படியும். அங்கிருந்து மீனுக்கும், மீனைத் தின்பவரின் உடல் கொழுப்புக்கும் ஏறும்.

கொட்டிய டீசலைப் பாக்டீரியாக்கள் தின்று தீர்த்துவிடும். குளோரின் அணுக்கள் கோத்த டையாக்சினிடம் அவற்றின் பல் அவ்வளவாக நுழையாது. புதைத்து மூடலாம்தான், ஆனால் அது பிரச்சினையைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதிவைப்பது.

தா நாங்கில் சூட்டை நம்பினார்கள். 2012-இல் வேலை தொடங்கியது. மண்ணையும் ஏரிச் சேற்றையும் தோண்டி, கான்கிரீட் சுவர் எழுப்பிய பெரும் தொட்டியில் குவித்து மூடினார்கள். செங்கல் சூளை மாதிரிதான், நெருப்பு மட்டும் இல்லை: குவியலுக்குள் இறக்கிய குழாய்களில் மின்சூடு. ஈரம் ஆவியாகும்வரை வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டாது. சேற்றுக்குச் செலவு கூடுவது இதனால்தான். பிறகு சுமார் 335 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் டையாக்சினில் பெரும்பகுதி குவியலுக்குள்ளேயே சிதைந்துவிடும்; மிஞ்சிய ஆவியை உறிஞ்சியெடுத்துச் சுத்திகரித்தார்கள்.

2018-இல் வேலை முடிந்தபோது சுமார் 90,000 கன மீட்டர் மண் சுத்தமாகியிருந்தது. செலவு 10 கோடி டாலருக்கு மேல். தெளித்தவர்களே இதற்குப் பணம் தந்தார்கள் என்பது நியாயம்தான். நாற்பது ஆண்டு தாமதத்தை என்ன சொல்வது?

பியென் ஹோவாவில் சுத்தம் செய்ய வேண்டியது ஏறக்குறைய 5 லட்சம் கன மீட்டர். தோண்டத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாத வேலை இது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கியபோது, தோண்டிய மண் அங்கே திறந்து கிடந்தது. பிறகு அனுமதி கிடைத்து வேலை மீண்டும் தொடங்கியது. பக்கத்தில் ஓடும் டோங் நாய் ஆற்றிலிருந்துதான் ஹோ சி மின் நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி வருகிறது.