சக்கரத்தின் கதவு

சுபாங் விமான நிலையத்திற்கு அருகில் குடியிருப்போருக்கு விமானம் புறப்படும் காட்சி பழகிப்போன ஒன்று. ஓடுபாதையை விட்டு மேலெழுந்த சில நொடிகளில், விமானத்தின் சக்கரங்கள் மெல்ல மடங்கி உள்ளே செல்கின்றன. அவை நின்றிருந்த இடத்தைக் கதவுகள் மூடிக்கொள்கின்றன. விமானம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை இறக்கையும் இயந்திரமும் விமானியும்தாம். சக்கரத்தை மூடும் அந்தக் கதவைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது எதற்காக இருக்கிறது? பழுதடைந்தால் அதை எவ்வாறு சரிசெய்கிறார்கள்?

எதிர்க்காற்றில் மிதிவண்டி ஓட்டிய அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். வேகத்தைக் கூட்டக் கூட்ட, காற்று நம்மைப் பின்னுக்குத் தள்ளுவதை உணரலாம். இதனைக் காற்றுத்தடை என்பர். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். விமானத்தின் உடல் வழவழப்பாக இருந்தாலும், அதன் அடியில் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தால் காற்று அவற்றில் மோதிச் சுழலும். எரிபொருள் வீணாகும், வேகமும் குறையும். எனவே, சக்கரங்களை உள்ளே மடக்கி, திறந்திருக்கும் குழியையும் கதவால் மூடுகிறார்கள்.

எல்லா விமானங்களிலும் இந்த ஏற்பாடு ஒன்றுபோல் இருப்பதில்லை. போயிங் 737 விமானம் தலைக்கு மேலே பறக்கும்போது அதன் வயிற்றுப் பகுதியைக் கவனியுங்கள். இரண்டு கரிய வட்டங்கள் தெரியும். அவை அதன் முதன்மைச் சக்கரங்கள். அவற்றை முழுமையாக மூடும் கதவுகள் அந்த விமானத்தில் இல்லை. சக்கரத்தின் வெளிப்புறமே தட்டையான மூடிபோல் அமைந்து குழியை அடைத்துக்கொள்கிறது. ஏர்பஸ் ஏ320 விமானத்திலோ சக்கரக் குழியைப் பெரிய கதவுகள் மூடுகின்றன. தரையிறங்கும் முன் கதவு திறக்கும், சக்கரம் இறங்கும், பிறகு பெரிய கதவு மீண்டும் மூடிக்கொள்ளும்.

இத்தகைய கதவின் நுட்பத்தை அறிய, மிக எளிய விமானமான கிளைடரிலிருந்து தொடங்குவோம். கிளைடர் இயந்திரம் இல்லாமல் காற்றில் மிதந்து செல்லும் விமானம். இன்னொரு விமானமோ தரையிலுள்ள இழுவை இயந்திரமோ கயிற்றால் இழுத்து அதை மேலேற்றும். கயிறு விடுபட்டதும், அது வெப்பக் காற்றின் துணையோடு உயர்ந்தும் சறுக்கியும் பறக்கும். திறன்மிக்க கிளைடர் ஒன்று, காற்று அசைவற்ற நிலையில், 1,000 மீட்டர் உயரத்திலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல் சறுக்கிச் செல்ல வல்லது. உந்தித் தள்ள இயந்திரம் இல்லாததால், சிறு காற்றுத்தடையும் அதற்குப் பெரும் இழப்பு. ஆகவே, பல கிளைடர்களில் விமானி தம் கையால் நெம்புகோலை இழுத்துச் சக்கரத்தை உள்ளே மடக்குகிறார். அதனோடு இணைந்த இரண்டு மெல்லிய கதவுகள், சுருள்வில்லோ ரப்பர் கயிறோ சிறு தண்டுகளோ இழுக்க, மூடிக்கொள்கின்றன.

இக்கதவுகள் தரைக்கு மிக அருகில் இருப்பதால் எளிதில் அடிபடுகின்றன. புல்வெளியில் இறங்கும்போது உயர்ந்த புல்லும் கல்லும் சேறும் அவற்றில் மோதும். விமானி சக்கரத்தை இறக்க மறந்தால், கிளைடர் வயிற்றால் உரசியே தரையிறங்கும். அப்போது கதவு விரிசல் விடலாம், கீல் வளையலாம், ஓரம் உடைந்தும் போகலாம்.

பழுதுபார்க்கும் பணி, கிளைடரைத் தாங்கிகளின் மீது அசையாமல் நிறுத்துவதில் தொடங்குகிறது. பிறகு கீலின் ஊசியை உருவிக் கதவுகளைக் கழற்றுகிறார்கள். இடக்கதவு எது, வலக்கதவு எது, எந்தத் தண்டு எங்கே இருந்தது என்பதை அப்போதே குறித்து வைக்கிறார்கள். அடுத்து, சேதம் எதுவரை பரவியுள்ளது என்று ஆராய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் விரிசல் ஒரு விரல் நீளமே இருக்கலாம். ஆனால், உள்ளே அடுக்குகள் அதையும் தாண்டிப் பிரிந்திருக்கக்கூடும். இதைக் கண்டறிய ஒரு நாணயம் போதும். பொங்கலுக்குப் பிரிக்பீல்ட்சில் மண்பானை வாங்குவோர் அதைத் தட்டி ஓசை கேட்பதுண்டு அல்லவா? அதுபோலவே தொழில்நுட்பர் கதவை நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போவார். நல்ல பகுதி தெளிவான ஓசை தரும். பிரிந்த பகுதி மந்தமாக ஒலிக்கும். அவர் அந்த எல்லையைப் பென்சிலால் வரைந்துகொள்வார்.

பெரும்பாலான நவீன கிளைடர்களின் கதவுகள் கண்ணாடி இழைத் துணியாலோ கரிம இழைத் துணியாலோ ஆனவை. துணி அடுக்குகளை எப்பாக்சி பிசின் ஒன்றாகப் பிணைத்திருக்கும். விரிசலின் மேல் பசையைப் பூசிவிட்டால் அது பழுதுபார்த்தல் ஆகாது. சேதமான இழைகளை முதலில் நீக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள பகுதியை உப்புத்தாளால் அகலமாக, சரிவாகத் தேய்க்க வேண்டும். அந்தச் சரிவில் புதிய துணித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசினில் நனைத்து ஒட்ட வேண்டும். பழைய இழைகள் எந்தத் திசையில் ஓடினவோ, அந்தத் திசையிலேயே புதியவையும் அமைய வேண்டும். அப்பொழுதுதான் விசை ஓர் இழையிலிருந்து மற்றோர் இழைக்குத் தடையின்றிச் செல்லும்.

பிசினையும் அதை இறுகச் செய்யும் திரவத்தையும் கண்ணளவில் கலக்கக்கூடாது. தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். விகிதம் தவறினால் பிசின் உரிய வலிமையோடு இறுகாது. ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டுக் காலநிலையில், துணியையும் பிசினையும் உலர்ந்த இடத்தில் காப்பதும் இன்றியமையாதது. தேய்க்கும்போது பறக்கும் இழைத்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். பிசின் முற்றிலும் இறுகிய பின் மேற்பரப்பைச் சமன்செய்து வெள்ளை வண்ணம் பூசுகிறார்கள். வெள்ளை நிறம் அழகுக்காக மட்டும் அன்று. வெயிலில் கருமை நிறம் வெப்பத்தை ஈர்த்துப் பிசினை இளகச் செய்யும். வெண்மை அவ்வெப்பத்தைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும்.

கதவு சீரானதும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. அதை மீண்டும் பொருத்துவதில்தான் பொறுமை தேவைப்படுகிறது. கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையிலான இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் கதவு உரசி நின்றுவிடும். மிகுந்தால் காற்று உள்ளே புகுந்து கதவைப் படபடக்கச் செய்யும். சக்கரத்தை மெதுவாக இறக்கியும் ஏற்றியும் பலமுறை பார்க்க வேண்டும். டயர் கதவில் உரசுகிறதா? இரு கதவுகளும் ஓரம் பொருந்தி மூடுகின்றனவா? நெம்புகோல் வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறதா? குறை தென்பட்டால், தண்டின் முனையை அரைச்சுற்று மட்டும் திருகி, மீண்டும் சோதிக்க வேண்டும். கதவு சற்றே திறந்திருந்தால் பறக்கும் தூரம்தான் குறையும். ஆனால், கதவு சிக்கிக்கொண்டு சக்கரம் இறங்காமல் போனால் கிளைடர் சேதமடையலாம், விமானிக்குக் காயமும் ஏற்படலாம். இயந்திரமில்லாத கிளைடர் மேலேறி மறுமுறை முயல முடியாது.

இனி, சுபாங்கிற்குத் திரும்புவோம். 1965இல் திறக்கப்பட்ட இந்நிலையம், 1998இல் சிப்பாங்கில் புதிய பன்னாட்டு விமான நிலையம் இயங்கத் தொடங்கும்வரை, நாட்டின் முதன்மை வாயிலாக விளங்கியது. இன்று அது விமானப் பராமரிப்புத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இடம். இங்குப் பராமரிக்கப்படும் பெரிய பயணிகள் விமானங்களின் கதவுகளைக் கைகள் இயக்குவதில்லை. ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் இயக்குகிறது. அந்த விசை மனிதரை நசுக்கிவிடும் அளவுக்கு வலியது. எனவே, குழிக்குள் தலையை நுழைக்கும் முன், கதவு மூடாதபடி பாதுகாப்புப் பூட்டு போடுவது கட்டாய விதி. அளவு வேறானாலும், ஆராய்தல், சரிசெய்தல், பொருத்துதல், சோதித்தல் என்னும் ஒழுங்கு ஒன்றே.

இந்த ஒழுங்கு தவறினால் என்ன ஆகும்? 2018 ஜூலை 18ஆம் நாள் இரவு, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்கு ஓர் ஏர்பஸ் ஏ330 விமானம் புறப்பட்டது. வேகத்தை அளக்கும் மூன்று குழாய்களில் பூச்சிகள் புகாதிருக்கத் தரையில் உறைகள் மாட்டப்பட்டிருந்தன. அவற்றைக் கழற்ற மறந்திருந்தனர். புறப்படும் முன் நடந்த சோதனைகளிலும் எவரும் அதைக் கவனிக்கவில்லை. விமானிகள் சரியான வேகம் தெரியாமலே ஏறத்தாழ ஒரு மணி நேரம் பறந்தனர். சக்கரங்களை மாற்று வழியில், அவற்றின் எடையாலேயே கீழிறங்கச் செய்து, பத்திரமாகத் தரையிறங்கினர். அம்முறையில் இறக்கும்போது கதவுகள் மீண்டும் மூடுவதில்லை. அக்கதவுகளுக்குச் சிறு சேதம் ஏற்பட்டது; யாருக்கும் காயமில்லை. துணியால் ஆன சில உறைகள் ஒரு பெரிய விமானத்தையே தடுமாறச் செய்துவிட்டன.

இதனால்தான் ஒவ்வொரு பழுதுபார்ப்பும் பதிவேட்டில் எழுதப்படுகிறது. உரிமம் பெற்றவர் சோதித்துக் கையொப்பம் இட்ட பிறகே விமானம் பறக்கலாம். மலேசியாவில் இவ்வுரிமத்தை மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையம் வழங்குகிறது. கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் விமானத் தொழில்நுட்பக் கழகம் போன்ற கல்விக்கூடங்கள் இத்துறையில் பயிற்சி அளிக்கின்றன. அறிவியலிலும் கணிதத்திலும் ஆர்வமும், கைவேலையில் பொறுமையும் உடைய மாணவர்கள் எசு.பி.எம். தேர்வுக்குப் பின் இத்துறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. தைப்பூசத் தேரைக் காண்போர் அதன் அலங்காரத்தைப் பார்த்து வியப்பர். தேரைப் பூட்டியவர் அச்சாணியைத் தொட்டுப் பார்த்திருப்பார். விமானக் கொட்டகையில் கதவைத் திறந்தும் மூடியும் இன்னொருமுறை சோதிக்கும் தொழில்நுட்பரும் அத்தகையவரே. அடுத்தமுறை விமானத்தில் அமரும்போது, சக்கரம் மடங்கி, கதவு மூடும் ஓசையைக் கேளுங்கள். உங்கள் பயணத்திற்காக யாரோ ஒருவர் பொறுப்புடன் செய்த வேலையின் ஓசை அது.