'விருந்தாளி' ஐரிஸ்: பேடண்ட் இல்லாத புதுச் செடியை ஊர்பேர் தெரியாதவரிடம் ஒப்படைப்பது எப்படி?

ஏழெட்டு வருஷம் உழைத்து ஒரு பொருளை உருவாக்கியிருக்கிறீர்கள். இன்னும் விற்பனைக்கே வரவில்லை. அதை ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் ஒருவருக்கு பார்சல் பண்ணி, "இரண்டு மூன்று வருஷம் பார்த்துக்கோங்க" என்கிறீர்கள். அந்தப் பொருளோ தானாகவே குட்டி போட்டுப் பெருகக்கூடியது. அனுப்புவீர்களா?

அமெரிக்காவில் ஐரிஸ் பூச்செடிகளில் புது ரகம் உருவாக்குபவர்கள் அனுப்புகிறார்கள். அவர்களில் பலர் ஓய்வு நேரத்தில் இதைச் செய்பவர்கள்தான்.

ஐரிஸ் நமக்கு முழுக்க அந்நியமும் இல்லை. குங்குமப்பூ இதே குடும்பம். காஷ்மீரில் கல்லறைகள் மேல் ஐரிஸ் நடும் வழக்கம் உண்டு.

1920-ல் தொடங்கிய அமெரிக்க ஐரிஸ் சங்கம், ஆண்டு மாநாட்டை ஊர் மாற்றி ஊர் நடத்துகிறது. நடத்தும் ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று வருஷம் முன்பே ரகம் உருவாக்குபவர்களிடம் கிழங்கு கேட்பார்கள். அப்படி வருபவைதான் 'விருந்தாளி ஐரிஸ்'. அவற்றை உள்ளூர் உறுப்பினர்களின் தோட்டங்களிலும் பொதுத் தோட்டங்களிலும் நடுவார்கள். மாநாட்டு நாட்களில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து பார்ப்பார்கள்.

ஏன் அவ்வளவு முன்னாடி?

தாடி ஐரிஸின் கிழங்கு, இஞ்சி மாதிரி படுத்து வளரும் மட்டத்தண்டு. ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். அடுத்த வருஷம் பூப்பது அதன் பக்கக் கிழங்குகள். அதனால் முதல் வசந்தத்தில் கிடைப்பது ஒரு தண்டுப் பூ, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்தான். செடி அடர்ந்து நிற்குமா, தண்டு சாயுமா என்பதெல்லாம் தெரிய புதர் கட்ட வேண்டும்.

நடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இஞ்சியைப் புதைப்பதுபோல் இதைப் புதைக்கக் கூடாது. கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேல் லேசாகத் தெரிய வேண்டும், வெயில் பட வேண்டும். தண்ணீர் தேங்கினால் பாக்டீரியா அழுகல் பிடித்து, கிழங்கு கொழகொழவென்று நாறிப் போகும். ஒரே ரகத்தைப் பல தோட்டங்களில் நடுவது இதற்குக் காப்பீடு மாதிரி.

சரி, திருட்டுப் பயம் இல்லையா?

அமெரிக்காவில் 1930 முதலே செடிக்கு பேடண்ட் வாங்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான ஐரிஸ் ரகங்களுக்கு யாரும் வாங்குவதில்லை. இங்கே காவல் நாணயம் மட்டும்தான். பெயரிடாத செடி, உருவாக்கியவர் தந்த எண்ணோடுதான் நிற்கும். தோட்டக்காரர் அதை விற்கவோ, பக்கத்து வீட்டுக்குக் கிள்ளிக் கொடுக்கவோ கூடாது. அனுமதி இல்லாமல் மகரந்தம் எடுத்துத் தன் செடிக்குத் தடவுவதும் தப்பு. நடுவில் அந்த எண்ணுக்குப் பெயர் வந்தால் உருவாக்கியவர் சொல்லியனுப்ப வேண்டும், லேபிளும் மாற வேண்டும். லேபிள் தப்பானால் அங்கே எடுத்த குறிப்பெல்லாம் வேறொரு செடியின் கணக்கில் போய்விடும்.

என்னைப் போல் டேட்டா பார்க்கிறவர்களுக்கு இடறுவது அடுத்த கட்டம்தான். மாநாட்டுக்கு வருபவர்கள் ஓட்டுப் போடுவார்கள். வெளிப் பகுதியிலிருந்து வந்த ரகங்களில் சிறந்ததற்கு ஃபிராங்க்ளின் குக் கோப்பை, நடத்தும் பகுதியின் ரகங்களில் சிறந்ததற்குத் தலைவர் கோப்பை. ஆனால் மாநாட்டுத் தேதியை முன்கூட்டியே குறித்துவிடுகிறார்கள், பூக்கும் தேதியைக் குறிப்பதோ வானிலை. ஒரு பூ சில நாட்களே தாங்கும். பத்து நாள் முந்திப் பூத்த செடிக்கு யார் ஓட்டுப் போடுவார்? கோப்பைக் கணக்கு, அந்த வாரம் அந்த ஊரில் பூத்தவற்றின் கணக்கு. அழுகிச் செத்த செடி அந்தக் கணக்கிலேயே வராது.

அதனால்தான் கோப்பையைவிட தோட்டக் குறிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. எத்தனை தண்டு, எத்தனை மொட்டு, எத்தனை பக்கக் கிழங்கு, குளிர் தாங்கியதா, செத்தால் எந்தப் பருவத்தில்? ஒரு ரகம் ஐந்து தோட்டங்களில் நன்றாக நின்று ஒன்றில் மட்டும் போனால் அந்த இடத்து மண்ணைச் சந்தேகிக்கலாம். ஐந்திலும் போனால் ரகத்தைத்தான். சங்கத்தின் காலாண்டிதழில் தோட்டம் தோட்டமாகக் கட்டுரைகள் வரும். அவை பெரும்பாலும் பூவின் நிறத்தை வர்ணிப்பவை. செத்த செடியின் செய்தி உருவாக்கியவருக்குத் தனியாகப் போனால்தான் உண்டு.

மாநாடு முடிந்ததும் ஒவ்வொரு உருவாக்குபவரிடமும் கேட்பார்கள்: திருப்பி அனுப்பவா, அழிக்கவா, தானமாகக் கொடுக்கவா? அழிக்கச் சொன்னால், மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றியவரேதான் அந்தப் புதரைத் தோண்டி எறிய வேண்டும்.