மின்விளையாட்டு: அங்கீகாரம் உண்டு, ஆடுகளம் நிச்சயமில்லை

புதுதில்லி: மண்டல அளவிலான செல்போன் விளையாட்டுப் போட்டி நடைபெறும் அரங்கு, பார்வைக்குத் தேர்வுக் கூடத்தைப் போலவே இருக்கும். நீண்ட மேஜைகள். அணிக்கு நால்வர் வீதம் 16 அணிகள். காதுகளை மூடிய ஹெட்போனுடன் 64 இளைஞர்கள் தலைகுனிந்து அமர்ந்திருப்பார்கள். ஆட்டம் தொடங்குமுன் நடுவர்கள் ஒவ்வொரு செல்போனையும் வாங்கி, குறுக்கு வழிக்கு உதவும் மென்பொருள் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு அரை மணி நேரம், "பின்னால் வருகிறான்", "மலைப்பக்கம் போ" என்ற அவசரக் குரல்களைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.

பப்ஜியின் இந்திய வடிவமான பாட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா (பிஜிஎம்ஐ) போட்டிகளில், கடைசிவரை பிழைத்திருக்கும் அணிக்கு 10 புள்ளிகள். இரண்டாவது அணிக்கு 6. வீழ்த்தப்படும் ஒவ்வொரு எதிரிக்கும் தனியாக ஒரு புள்ளி உண்டு. ஆகவே, பதுங்கியே காலம் கடத்தும் அணியைத் துணிந்து மோதும் அணி முந்திவிடக் கூடும். எப்போது பதுங்குவது, எப்போது பாய்வது என்ற கணக்குதான் ஆட்டம்.

சொந்தமாகக் கணினி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் இந்த மேஜையில் உட்கார முடிகிறது என்பதுதான் செல்போன் செய்த மாற்றம். 2000-களில் இத்தகைய போட்டிகள் பெருநகரங்களின் பிரவுசிங் மையங்களோடு நின்றுவிட்டன. 2016-ல் இணையக் கட்டணம் சரிந்ததும், 2018-ல் பப்ஜி மொபைல் வந்ததும் நிலைமையைத் தலைகீழாக்கின. சிறு நகரங்களிலிருந்து, வீட்டாரிடம் பாதி சொல்லியும் பாதி சொல்லாமலும் ரயிலேறி வருபவர்கள் இப்போது அதிகம்.

அவர்களுக்கு அரசு ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறது. 2022 டிசம்பரில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த அறிவிக்கையின் மூலம், இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்விளையாட்டு, பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் ஓர் அங்கமாக மத்திய விளையாட்டுத் துறையின்கீழ் சேர்க்கப்பட்டது. 2025 மே மாதம் பிகாரில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் இது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இதற்கெல்லாம் முன்பே, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், குஜராத்தின் புஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா, ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு வகை விளையாட்டில் வெண்கலம் வென்றிருந்தார். தெற்காசிய மண்டலத் தகுதிச் சுற்றைக் கடந்து அங்கு சென்றவர் அவர். ஆனால் அங்கும் இது காட்சி விளையாட்டே. அந்தப் பதக்கம் இந்தியாவின் கணக்கில் சேரவில்லை.

பெயர் கிடைத்தது சரி. ஆடுகளம்?

கால்பந்தும் கபடியும் எவருக்கும் சொந்தமானவை அல்ல. மின்விளையாட்டு அப்படியல்ல, ஒவ்வோர் ஆட்டமும் ஒரு நிறுவனத்தின் சொத்து. பிஜிஎம்ஐ, தென் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனத்துடையது. அந்நிறுவனம் நினைத்தால் விதி மாறும். அரசு ஆணையிட்டால் ஆட்டமே மறையும். சீனாவுடனான எல்லை மோதலுக்குப் பின், 2020 செப்டம்பர் 2-ம் தேதி தடை செய்யப்பட்ட 118 செயலிகளில் பப்ஜியும் ஒன்று. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற புதுப் பெயரில் அது திரும்பியது. மறு ஆண்டு ஜூலையில் அதன் போட்டித் தொடர் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி முடிந்த கையோடு, அதே மாதம் 28-ம் தேதி செயலிக் கடைகளிலிருந்து மீண்டும் காணாமல் போனது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் பிறப்பிக்கப்படும் இத்தகைய ஆணைகளை இரகசியமாகவே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே, ஆண்டுக் கணக்கில் பயிற்சி செய்தவர்களுக்குக் காரணம்கூடச் சொல்லப்படவில்லை. இது நடந்து சில நாள்களில் பர்மிங்ஹாமில் நடைபெற்ற காமன்வெல்த் மின்விளையாட்டுப் போட்டியில் டோட்டா-2 பிரிவில் இந்தியா வெண்கலம் வென்றது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

2023 மே மாதம், மூன்று மாதப் பரிசோதனை என்ற நிபந்தனையுடன் பிஜிஎம்ஐ மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதற்குள் விலை கொடுத்தாகிவிட்டது. மின்விளையாட்டுக்கு முதன்முறையாக முழுப் பதக்கம் வழங்கப்பட்ட ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கியது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பிரிவில் மத்திய, தெற்காசிய மண்டலச் சுற்றில் முதலிடம் பெற்ற இந்திய அணி நேரடியாகக் காலிறுதிக்குச் சென்று வியத்நாமிடம் தோற்றது. இந்திய இளைஞர்கள் மிக அதிகமாக ஆடிப் பழகிய பப்ஜி மொபைல் பிரிவிலோ இந்திய அணியே இல்லை.

தடை செயலிக்கு மட்டுமல்ல, இணையத்துக்கும் வரும். மண்டலப் போட்டிக்கான முதல்கட்டத் தகுதிச் சுற்றுகள் பெரும்பாலும் வீட்டிலிருந்தே ஆடப்படுகின்றன. விரல் தொடுவதற்கும் திரையில் குண்டு பாய்வதற்கும் இடையிலான தாமதம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே எதிரி முந்திவிடுவான். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் முடக்கப்பட்ட அதிவேக செல்போன் இணையம் முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான். இடையில் கிடைத்தது 2ஜி. மணிப்பூரில் 2023 மே மாதக் கலவரத்தை அடுத்து நிறுத்தப்பட்ட செல்போன் இணையம், செப்டம்பரில் ஓரிரு நாள் எட்டிப் பார்த்ததைத் தவிர, டிசம்பர்வரை பெரும்பகுதிக்கு இல்லை. வன்முறையும் உயிரிழப்புமாய் இருந்த மாநிலத்தில் விளையாட்டைப் பற்றிக் கவலைப்படுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் குத்துச்சண்டைக்கும் பளுதூக்குதலுக்கும் வீரர்களைத் தந்துவரும் அந்த மாநிலத்தின் இளைஞர்களுக்கு, இந்தப் புதிய விளையாட்டின் தகுதிச் சுற்றுக்குள் நுழையவே அப்போது வழி இல்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாள்களில் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்து, மின்விளையாட்டை ஆதரிக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளைக் கண்டு 2022-லேயே தனிச் சட்டம் இயற்றிய தமிழகத்துக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. சூதாட்டத்தையும் திறன் போட்டியையும் பிரித்துப் பார்க்க வேண்டியது அவசியமே.

சிக்கல் கீழ்மட்டத்தில்தான் இருக்கிறது. நுழைவுக் கட்டணமும் பரிசுத் தொகையும் இருக்கலாம் என்று சட்டம் கூறுகிறது. ஆனால் அப்போட்டி அங்கீகாரம் பெற்றதாகவும் பதிவு செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். கல்லூரி விடுதி மாணவர்கள் தலைக்கு 100 ரூபாய் வசூலித்து, வென்ற அணிக்குப் பரிசு தரும் போட்டி எந்தப் பக்கம் சேரும்? சட்டத்தின் சொற்களை அப்படியே படித்தால், பதிவில்லாத அப்போட்டியைப் பணவிளையாட்டு என்றும் வாதிட இடமிருக்கிறது. பணவிளையாட்டை நடத்துபவருக்கு மூன்று ஆண்டுகள்வரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். மண்டலப் போட்டிக்கு வரும் அணிகளோ இத்தகைய விடுதிப் போட்டிகளில்தான் உருவாகின்றன.

ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் 2026-ம் ஆண்டு ஆசிய விளையாட்டுக்கான பட்டியலில் பப்ஜி மொபைல் மீண்டும் இடம்பெற்றுள்ளது. ஹாங்ஜோவில் காலியாக இருந்த இந்திய இடத்தைப் பிடிக்கும் ஆசையுடன்தான், மண்டல அரங்குகளில் நடுவரிடம் செல்போனை நீட்டிக் கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.