வாளி பெரிதானால் பால் கூடுமா?

“தம்பி, மகளோட லெப்டாப் ஆமை மாதிரி நகருது. என்ன செய்யணும்?”

பட்டணத்துக் கணினிக் கடையில் இப்படிக் கேட்டவர், சிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அம்மையார். மகள் போலிடெக்னிக்கில் கணக்கியல் படிக்கிறாள்.

“ரேம் பத்தலக்கா. போடுறதே போடுறீங்க, 32 ஜிபியா போட்டுடுங்க. பத்து வருசத்துக்குக் கவலையில்ல” என்றார் கடைக்காரத் தம்பி. கேட்ட தொகை 850 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளிதான், அதில் சரிபாதி! அம்மையார் கைப்பையைத் திறக்கவில்லை. “மகளைக் கேட்டுட்டு வர்றேன் தம்பி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். நல்ல காரியம் செய்தார்.

ரேம் என்பது கணினியின் நினைவகம். படங்களும் பாடங்களும் நிரந்தரமாகத் தங்கும் சேமிப்பு வட்டு வேறு, இது வேறு. வேலை நடக்கும்போது வேண்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் இடம்தான் ரேம். கணினியை அணைத்தால் அதில் உள்ளது மறைந்துவிடும்.

பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். காண்டா வாளி சிறிதாக இருந்தால் பாதி நிரையிலேயே நிரம்பிவிடும். பாலைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மறுபடி நடக்க வேண்டும். பால் எடுக்கும் நேரத்தைவிட நடக்கும் நேரமே அதிகமாகிவிடும். கணினியும் அப்படித்தான். ரேம் நிரம்பியதும், உள்ளதில் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்து வருகிறது. பழைய சுழல்வட்டு ஒன்றைத் தேடி எடுக்க ஏறத்தாழ ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு பிடிக்கும். ரேம் அதைப்போல் இலட்சம் மடங்கு வேகமானது. ஆமை நடையின் இரகசியம் இதுவே.

ஆனால், நிரைக்குப் போதுமான வாளி வந்துவிட்ட பிறகு அதைவிடப் பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டு போனால், மரம் கூடுதலாகவா பால் சுரக்கும்?

ஆகவே, முதலில் நம் தேவையை அளக்க வேண்டும். அன்றிரவு மகள் அதைத்தான் செய்தாள். வழக்கமாகப் படிக்கும்போது திறந்து வைப்பதையெல்லாம் திறந்தாள்: இணையப் பக்கங்கள் பத்து, கணக்குத் தாள், கட்டுரை, இணைய வகுப்பு. பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினாள். டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’, அதற்குள் ‘மெமரி’. மொத்த ரேம் 4 ஜிபி. ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருந்தது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 4 ஜிபி வாளியில் 4-க்கு மேல் எப்படித் தெரியும்? பார்க்க வேண்டியது ‘கமிட்டெட்’ என்ற இடம். அங்கே இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், திறந்திருக்கும் செயலிகள் மொத்தமாகக் கேட்டிருக்கும் அளவு. அவள் கணினியில் அது 6.3 என்று காட்டியது. அப்படியானால் 8 ஜிபி இருந்தாலே சமாளிக்கலாம். 12 இருந்தால் தாராளம். 32 ஜிபி எதற்கு? பெரிய காணொளிகளை வெட்டி ஒட்டுபவர்களுக்கும், ஒரே நேரத்தில் கனமான மென்பொருள்கள் பலவற்றை ஓட்டுபவர்களுக்கும் அது தேவைப்படலாம். கணக்கியல் மாணவிக்கு வேண்டாம்.

அதே பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ்’ என்ற வரியில், இரண்டு இடங்களில் ஒன்றுதான் நிரம்பியிருப்பதாகவும் தெரிந்தது. பழைய 4 ஜிபியைக் கழற்றாமலே காலி இடத்தில் 8 ஜிபி செருகினால் மொத்தம் 12. சம அளவுள்ள இரண்டு அட்டைகளைப் போட்டால் வேகம் சற்றுக் கூடும் என்பது உண்மைதான். அதற்காக நல்ல நிலையில் உள்ள அட்டையைத் தூக்கி எறிய வேண்டுமா என்ன?

வாங்குமுன் அட்டையின் வகையைப் பார்ப்பது அவசியம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தா. மடிக்கணினி அட்டைகளில் முறையே 204, 260, 262 முனைகள். வெட்டுப்பள்ளமும் இடம் மாறியிருக்கும். அந்தக் கணினி அதிகபட்சம் எவ்வளவு ரேம் ஏற்கும் என்பதைத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் காணலாம். 32-பிட் விண்டோஸ் ஓடினால் 4 ஜிபிக்கு மேல் போட்டது வீண். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைப் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். பிறகு கூட்டவே முடியாது. அத்தகைய கணினியைப் புதிதாக வாங்குவோர் மட்டும், கையைக் கடித்தாலும் முதலிலேயே 16 ஜிபி வாங்கிவிடுவது மேல் என்பேன்.

கணினி மிகப் பழையதா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிக்கு 100 வெள்ளி செலவழிக்கும் முன்னும் இருமுறை யோசியுங்கள். மேலும், செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதால், 2025-ன் பிற்பகுதியில் ரேம் விலை வேகமாக ஏறியது. ‘இருக்கட்டுமே’ என்று கூடுதலாக வாங்கும் காலமல்ல அது.

மறுவாரம் தாயும் மகளும் கடைக்குப் போனார்கள். 8 ஜிபி அட்டைக்கு, முதலில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மிச்சத்தில் ஒரு பகுதிக்கு, பழைய சுழல்வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வட்டு போட்டார்கள், அவள் கணினியில் பாதி நோய் அந்தச் சுழல்வட்டுதான். பணம் கட்டுமுன் கடையிலேயே கணினியைத் திறக்கச் சொன்னாள் மகள். மூன்று விசைகளையும் அழுத்திப் பார்த்தாள். 12 என்று காட்டியது.

“இப்ப குடுக்கலாம்மா” என்றாள்.