முகப்பு விளக்கும் எதிரே வருபவர் கண்ணும்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். மாட்டுங்காவில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஊருக்குச் சென்று வந்தவர்கள் தத்தம் பயணத்தைப் பற்றி ஐந்து நிமிடம் தமிழில் பேசவேண்டும் என்று வகுப்பில் கூறியிருந்தேன். மாணவன் ஒருவன் திருநெல்வேலி வரை மகிழுந்திலேயே சென்று வந்த கதையைச் சொன்னான். புனே, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஊப்ளி என்று வழியூர்களை வரிசையாக அடுக்கியவன், இறுதியில் ஒரு கேள்வியோடு நின்றான்.

“ஐயா, இரவில் எதிரே வந்த லாரிகள் எல்லாம் எங்களைப் பார்த்து விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருந்தன. தேநீர்க் கடையில் ஒரு லாரி ஓட்டுநர் அப்பாவைத் திட்டவும் செய்தார். அப்பா ‘டிம்’ போட்டுத்தான் ஓட்டினார். பிறகு ஏன் திட்டினார்?”

விசாரித்தபோது காரணம் விளங்கிற்று. நெடும்பயணத்திற்கென்று அவன் தந்தை பழைய ஹாலஜன் பல்புகளைக் கழற்றிவிட்டு, குர்லாப் பக்கத்துக் கடையொன்றில் செனான் பல்புகளைப் பொருத்தியிருந்தார். விளக்குக் கூடு பழையது. பல்பு மட்டுமே புதியது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவில் ஓட்டுபவர் நல்ல வெளிச்சத்தை விரும்புவது இயல்பே. அதில் குற்றம் காண இயலாது. ஆனால் அந்த லாரி ஓட்டுநரின் கோபமும் நியாயமானதே. இரண்டும் எவ்வாறு பொருந்தும் என்பதை அறிய, விளக்கின் உள்ளே சற்று எட்டிப் பார்க்கவேண்டும்.

ஹாலஜன் என்பது அயோடின், புரோமின், குளோரின் முதலிய தனிமங்களின் குடும்பப் பெயர். தமிழில் இவற்றை உப்பீனிகள் என்பர். உலோகத்தோடு சேர்ந்து உப்பை ஈனுவதால் அப்பெயர். சாதாரண பல்பில் டங்ஸ்டன் என்னும் உலோகத்தாலான மெல்லிய இழை சூடேறி ஒளிர்கிறது. அவ்வாறு ஒளிரும்போது டங்ஸ்டன் சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கருமையாகப் படியும், பல்பும் மங்கும். ஹாலஜன் பல்பிலோ, ஆவியான டங்ஸ்டனை உப்பீனி பிடித்துச் சென்று மீண்டும் இழையிலேயே சேர்க்கிறது. எனவே கண்ணாடி கறுப்பதில்லை. இழையை மேலும் சூடாக்கி மிகுந்த ஒளி பெறலாம். 1962 இல் ஐரோப்பாவில் மகிழுந்துகளுக்கு வந்த இவ்வகைப் பல்பு இன்றும் நம் நாட்டில் இலட்சக்கணக்கான வண்டிகளில் எரிகிறது.

நம் வண்டிகளில் பெரிதும் காணப்படும் ‘எச் 4’ வகைப் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள் (எரிந்துபோன பழைய பல்பாக இருக்கட்டும், எரியும் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது). அதனுள் இரண்டு இழைகள் இருக்கும். ஒன்று தொலைதூரத்திற்கு, ஓட்டுநர்கள் இதனை ‘பிரைட்’ என்பர். மற்றொன்று ‘டிம்’. டிம் இழைக்கு அடியில் கரண்டி போன்ற சிறு உலோகக் கிண்ணம் ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். முழு வித்தையும் அக்கிண்ணத்தில்தான் இருக்கிறது. இழையிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அது மறைத்துவிடுகிறது. மேல்நோக்கிச் செல்லும் ஒளி மட்டும் விளக்குக் கூட்டின் பளபளப்பான குழியாடியில் பட்டு, தாழ்ந்து, சாலையில் விழுகிறது. எதிரே வருபவரின் கண்மட்டத்திற்கு மேலே ஒளி எழுவதில்லை. இழை இருக்கவேண்டிய இடம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் இவ்வொழுங்கு குலையும். குழியாடியின் வளைவு ஒவ்வொன்றும் அந்த இழையின் வடிவத்தையும் இடத்தையும் கணக்கிட்டே வார்க்கப்பட்டது. கூடும் பல்பும் பூட்டும் சாவியும் போன்றவை.

இனி, செனான். இது காற்றில் ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உள்ள அரிய வாயு. 1898 இல் இலண்டனில் இராம்சே, திராவர்ஸ் என்னும் இரு வேதியியலார் இதனைக் கண்டறிந்தனர். செனான் பல்பில் இழையே கிடையாது. இரண்டு மின்முனைகளுக்கு இடையே, அடைமழை இரவில் வானத்தில் வெட்டும் மின்னலைப் போல, ஒரு மின்வில் தாவுகிறது. அதனைத் தாவச் செய்ய முதற்கணத்தில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மிகுந்த அழுத்தம் தேவை. அதற்கென்று ‘பேலஸ்ட்’ எனப்படும் தனிப் பெட்டி உண்டு. செனான் உடனே ஒளிவிட்டுத் தொடங்கிவைக்கும். சில நொடிகளில் பல்பினுள் இருக்கும் உலோக உப்புகள் ஆவியாகிப் பெரும்பகுதி ஒளியை அவையே தருகின்றன. அவ்வுப்புகள் அயோடினின் உப்புகள்! ஆக, பெயர் செனானுக்கு. உழைப்பு இங்கும் உப்பீனியின் உறவினருக்கே.

பயன் பெரிது. ஹாலஜனின் டிம் இழை 55 வாட் மின்சாரத்தில் ஏறத்தாழ 1,000 லூமென் ஒளி தருகிறது. செனான் 35 வாட்டிலேயே 3,000 லூமெனுக்கு மேல் தருகிறது. 1991 இல் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் 7 வரிசை மகிழுந்தில் இது முதன்முதல் வந்தபோது, இதற்கென்றே தனி விளக்குக் கூட்டை அமைத்தார்கள். ஐரோப்பிய விதிகளோ, இத்தகைய பேரொளி விளக்குகளுக்கு இரண்டு துணைகளை வற்புறுத்தின: வண்டியின் பின்புறம் சுமையால் தாழ்ந்து முன்புறம் நிமிரும்போது ஒளியைத் தானே கீழிறக்கும் கருவி ஒன்று, விளக்கின் முகத்தைக் கழுவும் நீர்த்தாரை மற்றொன்று. முகத்தில் சேறு படிந்தாலும் ஒளி நாலாபுறமும் சிதறும் அல்லவா?

குர்லாக் கடையில் இவற்றுள் ஒன்றும் வண்டியில் ஏறவில்லை. நேரான இழைக்கென்று வார்த்த குழியாடியின் நடுவே, வளைந்த வடிவும் நுனிகளில் மிகுந்த பொலிவும் உடைய மின்வில் வந்து அமர்ந்தது. மும்மடங்கு ஒளி, ஒழுங்கின்றி மேலும் பக்கமும் சிதறியது. போதாக்குறைக்கு, பின்னிருக்கையில் பாட்டியும் தாத்தாவும். பெட்டகத்தில் ஊருக்கான சுமை. வண்டியின் முகம் நிமிர்ந்தது. அவர் ‘டிம்’ போட்டிருந்தார் என்பது உண்மை. எதிரே வந்தவருக்கு அது டிம்மாக இல்லை.

மாட்டுங்காவில் எவரும் குறை சொல்லவில்லையே என்று அவன் கேட்டான். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி இரவெல்லாம் தெருவிளக்கு எரிகிறது. வெளிச்சத்திற்குப் பழகிய கண்ணை மற்றொரு வெளிச்சம் அவ்வளவாகத் தாக்காது. நெடுஞ்சாலையின் இருளில் விரிந்திருக்கும் கண்மணியின் நிலை வேறு. கண்கூசிய ஓட்டுநருக்குப் பார்வை மீள மூன்று நொடி ஆகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அவர் வண்டி அதற்குள் 50 மீட்டர் கடந்திருக்கும், ஏறத்தாழக் குருடாக. வயது ஏற ஏறக் கண் மீள இன்னும் தாமதமாகும். மழையிலோ நனைந்த தார்ச்சாலையே கண்ணாடியாகி, நம் ஒளியை அவர் முகத்தில் வீசும்.

நம் சட்டமும் இதைக் கருதியுள்ளது. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 106 ஆம் விதி, முகப்பொளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்கவேண்டும் என்கிறது. உற்பத்தியாளர் அமைத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 இல் தீர்ப்பளித்தது. இப்போது செனானின் இடத்தை எல்.இ.டி. பிடித்துவருகிறது. பழைய கூட்டில் அந்தப் பல்பைச் செருகினாலும் சிக்கல் இதுவே.

அப்படியானால் மங்கலான விளக்கோடுதான் ஓட்டவேண்டுமா? வேண்டாம். பல ஆண்டு வெயிலில் விளக்கின் நெகிழி முகம் மஞ்சள் பூத்திருக்கும். அதனை மெருகேற்றினாலே ஒளி கூடும். மின்கம்பிகளின் இணைப்பு துருப்பிடித்து, பல்புக்குச் செல்லும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெரும்பாலான ‘மங்கல்’ இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். பல்பைப் பழிப்பது எளிது. கம்பியைத் தேடிப் பார்ப்பவர் குறைவு.

அந்த மாணவனும் தந்தையும் ஒரு ஞாயிறு மாலை, தங்கள் குடியிருப்பின் மதிற்சுவருக்கு எதிரே சமதரையில் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வண்டியை நிறுத்தி டிம் விளக்கைப் போட்டார்கள். சுவர் முழுவதும், இரண்டாம் மாடிச் சன்னல் வரைக்கும், வெண்மை பரவியது. பிறகு, டப்பாவில் போட்டுவைத்திருந்த பழைய பல்புகளை மீண்டும் பொருத்தினார்கள். சுவரில் ஒரு கோடு தெரிந்தது: அதற்குக் கீழே ஒளி, மேலே இருள். கோடு வலப்பக்கம் மட்டமாகவும், இடப்பக்கம் சற்று ஏறியும் இருந்ததாக அவன் வந்து சொன்னான். நாம் சாலையின் இடப்புறம் செல்பவர்கள். வலப்புறம் எதிரே வருபவருக்குத் தாழ்ந்தும், இடப்புறம் நடந்து செல்பவர் நமக்குத் தெரியும்படி உயர்ந்தும் ஒளி விழவேண்டும்.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ மகிழுந்து இருந்தால், பெரியவர் ஒருவரின் துணையோடு இதே சோதனையைச் செய்யுங்கள். சுவரில் கண்ட கோட்டை அப்படியே குறிப்பேட்டில் வரைந்து, அது ஏன் அவ்வாறு விழுந்தது என்பதை ஐந்து தொடர்களில் எழுதி வாருங்கள்.